ஏழு வாரமாகியும் பாசம் பொங்கவில்லை: எனக்கு மட்டும்தானா?

ஏழாவது வாரம் (இரவு 3.12)

மகன் பிறந்து ஏழு வாரம் ஆகிறது. நல்ல எடை, நல்ல ஆரோக்கியம். பிரசவமும் சிக்கலில்லாமல் முடிந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை என்கிறார்கள். அது எனக்கும் தெரியும். பிறந்த உடனே குழந்தையை மார்பில் போட்டால் மனம் பொங்கும், பட்ட வலியெல்லாம் மறந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருந்தேன். அவனை என்மேல் போட்டார்கள். "கனமாக இருக்கிறானே" என்று நினைத்தேன். அடுத்து, தூங்கினால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இன்றுவரை அப்படியே இருக்கிறேன். பால் கொடுக்கிறேன், துடைத்துவிடுகிறேன், துணி மாற்றுகிறேன், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டு முதுகைத் தட்டுகிறேன். ஒரு வேலையிலும் தவறவில்லை. ஆனால் யாரோ நம்பி விட்டுவிட்டுப் போன குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல இருக்கிறது. இவனுடைய அம்மா எப்போது வந்து வாங்கிக்கொள்வாள் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்த அழுகை ஒன்பதரைக்குத்தான் நின்றது. காரணம் தெரியவில்லை. பார்க்க வருகிறவர்கள் "அம்மாவாக இருப்பது எப்படி இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். "மிகவும் சந்தோஷமாக இருக்கிறது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். குழந்தையின் அழுகையைவிட இந்தப் பொய்தான் என்னைக் களைக்க வைக்கிறது.

இதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்க வந்தது ஒன்றுதான்: அந்தப் பாசம் எனக்கு வருமா?

---

இரவுப் பணி (காலை 5.40)

பிரசவ வார்டில் 31 ஆண்டுகள் நர்ஸாக இருந்தேன். அதில் பாதி இரவுப் பணி. உங்கள் கேள்விக்கு வருகிறேன் அம்மா. முதலில் நான் ஒன்று கேட்கிறேன். நேற்று இரவு எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்? விட்டுவிட்டுத் தூங்கியதையெல்லாம் கூட்டிச் சொல்ல வேண்டாம். நடுவில் எழாமல், ஒரே நீட்டாக எவ்வளவு நேரம்?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படிக்கிறவர், அப்படியானால் தாய்க்கு ஓய்வுக்கு என்ன பஞ்சம் என்று நினைப்பார். அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு இரண்டு மணி நேரம், மிஞ்சினால் மூன்று. முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும். பால் கொடுப்பது, ஏப்பம், துணி, மறுபடி தூங்கவைப்பது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மணி நேரம் போய்விடும். மிச்சத்தில்தான் நீங்கள் குளிப்பதும் சாப்பிடுவதும் கண்ணை மூடுவதும். ஏழு வாரம் இப்படிக் கிடந்த உடம்புக்குள் பாசத்தைத் தேடினால் கைக்கு அகப்படாது. அகப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

அடுத்தது அந்த மாலை அழுகை. பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டாவது வாரத்தில் அழுகை கூட ஆரம்பிக்கும், இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணிந்துவிடும். மாலையிலும் முன்னிரவிலும்தான் அதிகம் அழுவார்கள். பசியும் இருக்காது, வலியும் இருக்காது, எதைச் செய்தாலும் நிற்காது. உங்கள் மகன் சரியாக அந்த உச்சத்தில் இருக்கிறான். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. அழுகை விடாமல் நீடித்தால், காய்ச்சல் இருந்தால், பால் குடிக்க மறுத்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லாமல், பொறுமை மட்டும் கைவிட்டுப் போகிற நேரம் வந்தால் அவனை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காருங்கள். பத்து நிமிடம் அழுவதால் எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. குலுக்கினால் மூளையில் ரத்தக் கசிவு ஏற்படும். எந்தக் கோபத்திலும் குலுக்கக் கூடாது.

தூங்கிய நேரத்தை மறக்காமல் எழுதுங்கள்.

---

இருவரின் அம்மா (காலை 9.05)

தோழி, எனக்கு இரண்டு குழந்தைகள். இரண்டாவது மகளைக் கையில் வாங்கிய நிமிடமே நீங்கள் சொல்கிற அந்தப் பொங்குதல் நடந்தது. மூத்தவனுக்கு நடக்கவில்லை. நான்கு மாதம் ஆகிவிட்டது. இதை அவனிடம்கூட இன்னும் சொன்னதில்லை.

எப்போது வந்தது என்பது நன்றாக நினைவிருக்கிறது. அவன் தூங்கும்போது நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். காகிதத்தைவிட மெல்லிய நகம். சதை எங்கே முடிகிறது, நகம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலுக்கு ஒரு நிமிடம் என்று வெட்டினேன். ஏழாவது விரலில் தோலை லேசாகக் கிள்ளிவிட்டது. கடுகளவு ரத்தம். அவன் எழுந்து அழக்கூட இல்லை, உதட்டை மட்டும் பிதுக்கினான். எனக்கு அடிவயிற்றில் யாரோ குத்தியது போல இருந்தது. அந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அழுதேன். அழுது முடித்தபோது அவன் என்னுடையவனாக இருந்தான்.

இருவரும் இப்போது பள்ளிக்குப் போகிறார்கள். யார்மீது பாசம் அதிகம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கேள்வியே புரியாது. ஒன்று வாசல் வழியாக வந்தது, இன்னொன்று கொல்லைப்புறமாக வந்தது. உள்ளே வந்தபின் வித்தியாசமில்லை.

---

நேர்வழி (காலை 11.30)

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா ஐந்து பேரைப் பெற்று வளர்த்தவர். அவருக்கு உதவிக்கு ஆள் கிடையாது, துவைக்க இயந்திரம் கிடையாது. பாசம் வந்ததா வரவில்லையா என்று உட்கார்ந்து யோசிக்க அவருக்கு நேரமே இருந்ததில்லை. எழுந்தார், செய்தார், படுத்தார். இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிப் பார்த்து நாமே நம்மைப் பலவீனமாக்கிக்கொள்கிறோம். குழந்தைக்காகப் பல வருடம் ஏங்கிக் காத்திருக்கும் பெண்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? கிடைத்ததை எண்ணி மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

---

பதினாறு வயதுக்காரியின் அம்மா (பகல் 1.15)

நேர்வழி அவர்களுக்கு: உங்கள் அம்மாவைப் போலத்தான் என் அம்மாவும். நாங்கள் நான்கு பேர். என் மகள் பிறந்த மூன்றாம் மாதம் நான் உடைந்து போய் அம்மாவிடம் கேட்டேன், "நீ எப்படியம்மா நான்கு பேரைச் சமாளித்தாய்?" என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது" என்றார். முப்பது வருடம் அவருடைய மகளாக இருந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். தண்ணீர் ஏன் இவ்வளவு செலவாகிறது என்று அப்பா அவரைத் திட்டியதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் காலத்தில் இது இல்லை என்று சொல்லாதீர்கள். கேட்க ஆள் இல்லை, அவர்களும் சொல்லவில்லை. காத்திருக்கும் பெண்களின் வலி உண்மையானது. அதற்காக இந்தப் பெண் வாயை மூடிக்கொண்டால் அவர்களில் ஒருவருடைய வலியும் குறையப் போவதில்லை.

---

ஏழாவது வாரம் (இரவு 2.50)

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டே படித்தேன், மறு கையில் அவன் இருந்தான்.

இரவுப் பணி அம்மா கேட்டதற்குப் பதில்: நேற்று இரவு நடுவில் எழாமல் தூங்கியது ஒரு மணி நாற்பது நிமிடம். இந்த ஏழு வாரத்திலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிய நாள் எனக்கு நினைவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை எழுதக் கை நடுங்குகிறது. பத்து நாளுக்கு முன் அவனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கும்போது, கையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு காட்சி கண்முன் முழுதாக ஓடியது. எப்படி விழுவான் என்பது வரை. நான் விரும்பி நினைக்கவில்லை. அன்றிலிருந்து படியில் நடந்து இறங்குவதே இல்லை. அவனை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறேன். கணவர் கேட்டதற்கு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா?

---

இரவுப் பணி (காலை 5.15)

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். இதை நிதானமாகப் படியுங்கள்.

அப்படிக் காட்சிகள் வருவது புதுத் தாய்மார்கள் ஏராளமான பேருக்கு நடக்கிறது. படி, கத்தி, வெந்நீர், ஜன்னல், இவையெல்லாம்தான் வரும். அவை உங்களைத் திடுக்கிட வைக்கின்றன, நீங்கள் பயந்து விலகுகிறீர்கள், உட்கார்ந்து இறங்குகிறீர்கள். அது உங்கள் விருப்பம் இல்லை என்பதற்கு அந்தப் பயமே சாட்சி. முற்றிலும் வேறான ஒரு நிலையும் உண்டு. இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றுவது, பல நாள் தூக்கமே இல்லாமலும் களைப்பே தெரியாமல் இருப்பது. அது ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில். அப்படி ஏதாவது தெரிந்தாலோ, உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தத் தோன்றினாலோ ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியதில் அது தெரியவில்லை. ஆனால் நான் திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். ஒரு மருத்துவர் உங்களை நேரில் பார்க்க வேண்டும்.

பிரசவமான மூன்றாம் நாள் போல அழுகை அழுகையாக வருவது மிகச் சாதாரணம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் சடாரென்று இறங்கிவிடும். ஒன்பது மாதம் ஏறியது சில நாளில் இறங்கினால் மனம் தடுமாறத்தான் செய்யும். அது இரண்டு வாரத்துக்குள் தானே சரியாகிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் மனம் மரத்துப்போய் இருந்தால், எதிலும் ஒட்டாமல் இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பிரசவித்த பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பாதிப்பு வருகிறது, அதில் பெரும்பாலானது மனச்சோர்வுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வார்டில் வரிசையாக எட்டுக் கட்டில் இருந்தால், அதில் ஒரு கட்டில்.

இதைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. 1987-ல் வெளியானது. பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளில் எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும். பல மொழிகளில் கிடைக்கிறது. மதிப்பெண்ணைப் பார்த்து நீங்களே நோய் என்று முடிவு கட்ட அது உதவாது, மருத்துவரிடம் பேச்சை ஆரம்பிக்க உதவும். நான் எத்தனையோ பேரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் ஒன்பது கேள்விக்கு வேகமாகப் பதில் எழுதுவார்கள். பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அங்கே பேனா நிற்கும். உங்களுக்கும் நின்றால், அதை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். இது குணமாகும். பேச்சுவழி சிகிச்சை இருக்கிறது. தாய்ப்பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்று கணவரிடம் அந்த முழங்கால் வலி பொய் என்று சொல்ல வேண்டும். இதுதான் முதல் வேலை.

---

கண்ணாடிப் பெட்டி (காலை 10.20)

என் மகள் 29 வாரத்தில் பிறந்தாள். எடை 1 கிலோ 150 கிராம். மூன்று நாள் கழித்துத்தான் தொடவிட்டார்கள், அதுவும் பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு கையை மட்டும். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? பெட்டிக்கு மேலே இருந்த திரையில் ஆக்சிஜன் அளவையே பார்த்துக்கொண்டிருப்பேன். 94, 93, 91. அது 88-க்கு இறங்கினால் மணி அடிக்கும். பாசம் வைக்கவே பயம். போய்விட்டால் என்ன செய்வது என்று மனம் ஓர் அடி தள்ளியே நின்றது.

இருபதாம் நாள் அவளை வெறும் மார்பில், தோலோடு தோலாக வைத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். கங்காரு முறை என்று பெயர். 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர்கள் போதாத ஓர் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். வசதி இல்லாத இடத்தில் வேறு வழியில்லாமல் கண்டுபிடித்ததை இப்போது எல்லா வசதியும் உள்ள இடங்களிலும் செய்கிறார்கள். நான் திரும்பிப் பார்க்க முடியாத இடத்தில் திரை இருந்தது. நர்ஸ் வேண்டுமென்றேதான் நாற்காலியை அப்படிப் போட்டிருக்கிறார். வேறு வழியில்லாமல் அவள் தலையைப் பார்த்தேன். உச்சந்தலையில் இரண்டு சுழி. இருபது நாளாக அதை நான் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் பயம் போக எட்டு மாதமானது. அது பயமா பாசமா என்று அன்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

---

காத்திருந்தவள் (பகல் 12.45)

நேர்வழி அவர்கள் குறிப்பிட்ட "காத்திருந்த பெண்களில்" நானும் ஒருத்தி. ஒன்பது வருடம். படித்தேன். இந்தத் தோழிமீது எனக்கு ஒரு துளி கோபமும் வரவில்லை.

எங்கள் மகளைப் பதினோரு மாதத்தில் தத்தெடுத்தோம். ஒன்பது வருட ஏக்கம் எனக்குள் நிரம்பி வழிந்தது. அவளிடம் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? பழகிய முகங்கள் எல்லாம் ஒரே நாளில் காணாமல் போயிருந்தன. என்னைப் பார்க்க மாட்டாள். தூக்கினால் மரக்கட்டை போல விறைத்துக்கொள்வாள். நான் அறையை விட்டுப் போனாலும் வந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். பாசம் ஒரே பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் தோழி, நீங்கள் ஒரு கரையில் நின்றீர்கள், நான் எதிர்க்கரையில்.

செய்தது ஒன்றுதான். தினமும் அதே நேரத்தில், அதே கையால், அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தூங்கவைத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், தண்ணீர் எடுக்க எழுந்து போனேன். பின்னால் வீரிட்டு அழும் சத்தம். விழுந்துவிட்டாளோ என்று ஓடி வந்து பார்த்தால், வாசலை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள். நான் போனதற்காக அழுதாள். குழந்தை அழுவதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட அம்மா வேறு யாரும் இருந்திருக்க மாட்டாள்.

---

உயிரியல் டீச்சர் (மாலை 4.10)

முதல் பதிவில் ஒரு வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "இவனுடைய அம்மா எப்போது வந்து வாங்கிக்கொள்வாள்" என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சந்தேகம் இருக்கலாம். அவனுக்கு இல்லை.

1980-ல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் ஓர் ஆய்வு செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ஒரு ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் சொந்தத் தாயின் குரல் கேட்கும், வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் தாயின் குரல் கேட்கும்படி தங்கள் சப்பும் முறையை மாற்றிக்கொண்டன. உங்கள் மகன் உங்கள் வயிற்றுக்குள்ளிருந்து பல மாதம் கேட்டது உங்கள் குரலை. அது யாருடைய குரல் என்று அவன் யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இன்னொன்று, இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்கள் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் ரத்தத்தில் கலக்கின்றன. 1996-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், மகனைப் பெற்று 27 வருடமான ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டார்கள். நீங்கள் அவனை உணர்ந்தாலும் உணராவிட்டாலும், அவனுடைய செல்கள் சில இப்போதும் உங்களுக்குள் இருக்கக்கூடும்.

---

அப்பா ஒருவன் (இரவு 9.30)

இங்கே ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை. என் மனைவிக்கும் இதே நடந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"எதைச் செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்" என்பதுதான் அப்போது நான் தினமும் சொன்னது. நல்ல கணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் சொன்னாள்: "யோசித்துச் சொல்வதும் என் வேலைதானே." தடுப்பூசி தேதி, துணி தீர்ந்துபோவது, எந்த மார்பில் கடைசியாகக் குடித்தான், எந்தச் சட்டை சிறிதாகிவிட்டது, எல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கை மட்டும்தான் கொடுத்தேன்.

பிறகு மாற்றினோம். இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை குழந்தை என் பொறுப்பு. அவள் எடுத்து வைத்த பாலை நான் கொடுப்பேன். அவள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். முதல் இரண்டு நாள் அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவளைப் பார்த்தபோது, அவளை நான் பார்த்து இரண்டு மாதமாகிவிட்டது என்று தோன்றியது. உங்கள் கணவருக்கு இதைக் காட்டுங்கள்.

---

வேலைக்குத் திரும்பியவள் (இரவு 10.55)

அப்பா ஒருவன் எழுதியதைப் படித்து நெஞ்சடைத்துவிட்டது.

நான் பன்னிரண்டாவது வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். மகப்பேறு விடுப்பு குறைந்தது 14 வாரம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. நான் இருந்த இடத்தில் அவ்வளவுகூடத் தரவில்லை. பழைய கோப்புகள் அடுக்கிய ஓர் அறையில், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததால் நாற்காலியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து பால் எடுப்பேன். ஒரு கூட்டத்தில் யாருடைய போனிலோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. என் குழந்தை இல்லை. ஆனாலும் பால் சுரந்து சட்டை நனைந்துவிட்டது. கையிலிருந்த கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

அவன் எடுத்துவைத்த முதல் அடியை நான் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டவர் பார்த்தார். அந்த அம்மாள் எனக்கு அதைச் சொல்லவே இல்லை. மறுநாள் மாலை என் முன்னால் அவன் நடந்தபோது, அவரும் முதல் தடவை பார்ப்பது போலக் கை தட்டினார். பல மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரியும். அவரை நான் மறக்க மாட்டேன்.

---

நேர்வழி (மறுநாள் காலை 7.00)

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு மூன்று மகன்கள், மூவரும் வளர்ந்துவிட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டு அழுத தாயைப் பற்றிப் படித்தபின் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் அடுப்படியில் புகையைச் சாக்காக வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். என்னிடம் யாரும் கேட்டதில்லை. அதனால்தானோ என்னவோ நானும் அப்படி எழுதிவிட்டேன். மன்னித்துவிடு மகளே.

கடமை முன்னால் போகும், பாசம் பின்னால் வரும் என்று இன்றும் நினைக்கிறேன். நீ கடமையில் தவறவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து படி இறங்கியிருக்கிறாயே, அதற்கு வேறு என்ன பெயர்?

---

ஏழாவது வாரம் (நேர்வழி எழுதி இருபது நாள் கழித்து, காலை 6.30)

உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

அன்று இரவே கணவரிடம் சொன்னேன். முழங்காலைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். கோபமோ என்று நினைத்தேன். படியில் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து, "பத்து நாளாகவா?" என்று மட்டும் கேட்டார்.

பத்துக் கேள்விகளுக்கும் பதில் எழுதினேன். பத்தாவதில் என் பேனாவும் நின்றது. மருத்துவரிடம் அந்தத் தாளைக் கொடுத்தேன். அவர் முதலில் அதைத்தான் பார்த்தார், நிதானமாகக் கேட்டார், குழந்தையை என்னிடமிருந்து பிரிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பயம்தான் எனக்கு அதிகம் இருந்தது. மனச்சோர்வு என்றார். வாரம் ஒரு நாள் பேசப் போகிறேன். மருந்தும் ஆரம்பித்திருக்கிறேன், வேலை செய்யச் சில வாரம் ஆகுமாம். இரவு ஒன்பதிலிருந்து இரண்டு இப்போது எங்கள் வீட்டிலும் கணவருடையது. முந்தாநாள் நான்கரை மணி நேரம் தூங்கினேன்.

பாசம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். நீங்கள் சொன்ன நகம், சுழி போல ஒரு நிமிடம் எனக்கு இன்னும் வரவில்லை. நேற்று அதிகாலை அவன் அழாமலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. போய்ப் பார்த்தால் அவனும் விழித்துக்கொண்டு, சுவரில் ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூக்கவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் அந்த நிழலைப் பார்த்தேன். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்து, "நான்தான்" என்று சொன்னேன். நிழலை விட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுடைய அம்மா எப்போது வருவாள் என்று அந்த நேரத்தில் நான் காத்திருக்கவில்லை. பிறகு வெளிச்சம் வந்தது, பசித்து அழுதான்.

படியில் இன்று நடந்து இறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான்.

---

இரவுப் பணி (காலை 6.45)

நான்கரை மணி நேரம். இதைப் படித்துவிட்டு எழுந்து போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் அம்மா, நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும்.

---

புதியவள் (இரவு 1.35)

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். என் மகளுக்கு மூன்று வாரம். முதலிலிருந்து இதைப் படித்துக்கொண்டு வருகிறேன். முதல் பதிவை நானே எழுதியது போல இருக்கிறது. என்ன கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

---

ஏழாவது வாரம் (இரவு 2.10)

நான் இருக்கிறேன், இப்போதுதான் என் முறை ஆரம்பித்தது. ஒன்றும் கேட்க வேண்டாம், நான் கேட்கிறேன். நேற்று இரவு, நடுவில் எழாமல், ஒரே நீட்டாக எவ்வளவு நேரம் தூங்கினீர்கள்?